பிரையனி பெயரில் பளு தூக்கியவள்

கர்ப்பத்தின் ஐந்தாம் மாதம் பிறந்ததுமே டீகனின் இடுப்பில் வலி குடிவந்துவிட்டது. நூற்றெண்பது பசுக்கள் உள்ள பண்ணை. மிஷின்தான் கறக்கிறது என்றாலும் மாட்டுக்கு மாடு அதை எடுத்து மாட்டுவது மனுஷக் கைதானே. காலையும் மாலையும் அந்தக் கை அவளுடையது. இப்போது கட்டிலிலிருந்து எழவே ஒரு திட்டம் தேவைப்பட்டது. முதலில் பக்கவாட்டில் உருள வேண்டும், பிறகு ஒரு காலைத் தொங்கவிட வேண்டும், பிறகு புருஷன் லாக்லனின் காதையோ தோளையோ, எது கையில் அகப்படுகிறதோ அதைப் பிடித்து எழ வேண்டும். ரப்பர் பூட்ஸை அவன்தான் மாட்டிவிட்டான், குதிரைக்கு லாடம் அடிக்கிறவனைப் போல அவள் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு.

பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டாள்: "வலி பத்துக்கு எத்தனை?"

"பரவாயில்ல. ஒரு மூணு," என்றாள் டீகன். சொல்லும்போது கண்ணோரம் நனைந்திருந்தது. அவர்கள் குடும்பத்தில் கொசுக்கடியிலிருந்து கால் முறிவு வரை எல்லாவற்றுக்கும் 'பரவாயில்ல' ஒன்றுதான்.

பக்கத்து நாற்காலியில் அவள் நாத்தனார் பிரையனி. மூன்று வாரம் மூத்த கர்ப்பம். மில்பரா ஊரின் ஒரே சலூன் அவளுடையது. அவளிடமும் நர்ஸ் கேட்டாள்.

"ஒன்பதரை," என்றாள் பிரையனி. "பத்துன்னு சொன்னா பெருமையடிச்சுக்கிற மாதிரி இருக்கும்."

இந்த நேரத்தில்தான் மெல்பர்னில் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஜூலியன் என்கிற ஆராய்ச்சி மாணவன் ஊர்க்கூடத்துக்குப் போன் செய்தான். கர்ப்பிணிகள் முறையாக எடை தூக்கிப் பழகினால் இடுப்பு வலி குறைகிறதா என்று பார்க்க வேண்டுமாம். மில்பரா இருக்கிற கிப்ஸ்லாந்து பக்கத்தில் பன்னிரண்டு பேர் தேவையாம். போனை எடுத்தது கூடத்தின் செயலாளர் நோலீன், பிரையனியின் அம்மா, டீகனின் மாமியார். எந்தப் பட்டியலிலும் காலியிடம் கிடந்தால் நோலீனுக்குத் தூக்கம் வராது. மகளையும் மருமகளையும் கேட்காமலே இரண்டு பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

ஆராய்ச்சியில் சீட்டுக் குலுக்கல் உண்டு. பாதிப் பேருக்கு வாரம் இரண்டு நாள் பளுப் பயிற்சி. மீதிப் பேருக்கு ஒரு துண்டுப் பிரசுரம். அளவெடுக்க வந்தவள் இங்கிரிட் என்கிற நெட்டையான பெண்மணி. முதுகில் வாரைக் கட்டி இழுக்கச் சொன்னாள், குறித்துக்கொண்டாள், கடைசியில் ஒட்டின உறையை நீட்டினாள்.

"வெளியே போய்ப் பிரிச்சுப் பாருங்க. யாருக்கு என்ன வந்ததுன்னு என்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. எனக்குத் தெரிஞ்சா அளவு கெட்டுப்போயிடும்."

இருவரும் வெளியே டீகனின் பழைய வண்டியில் சாய்ந்துகொண்டு உறையைப் பிரித்தார்கள். டீகனுக்குப் பிரசுரம். பாதம் பதியும் செருப்பு போடவும், முதுகை நிமிர்த்தி உட்காரவும், முடிந்தபோது ஓய்வெடுக்கவும் என்று போட்டிருந்தது. டீகன் அதை இரண்டு முறை படித்தாள். மூன்றாம் தடவை படித்தால் மாடுகள் தாமாகவே கறந்துகொள்ளும் என்று அதில் எங்கேயும் இல்லை.

பிரையனி தன் தாளைப் பார்த்து முகம் வெளுத்தாள். "எடை தூக்கணுமாம்! செவ்வாயும் வியாழனும்! நான் கடைசியா ஓடினது ஸ்கூல்ல, அதுவும் தேனீ துரத்தினதால."

"குடுத்து வெச்சவ நீ," என்றாள் டீகன். உண்மையாகவே சொன்னாள்.

பிரையனி அவளைப் பார்த்தாள். பிறகு இரண்டு தாளையும் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது.

"டீகன், சொல்லிக்குடுக்கப் போறவன் நம்ம ரெண்டு பேர் மூஞ்சியையும் இன்னும் பார்க்கல இல்ல?"

"வேண்டாம்."

"நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையே."

"சொல்லப் போறது தெரியுது. அது தப்பு, பிரையனி. கையெழுத்துப் போட்டிருக்கோம்."

"சரி, தப்பு. வா, வண்டில ஏறு."

டீகன் ஏறப் பார்த்தாள். வலது காலைத் தூக்கியவள் அப்படியே பாதியில் நின்றுவிட்டாள். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. பிரையனி உதவாமல் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

"சரி, குடு அந்தத் தாளை," என்றாள் டீகன், பல்லைக் கடித்துக்கொண்டு.

கால்பந்து கிளப்பின் உடை மாற்றும் அறையில்தான் பயிற்சி. ஈரச் சாக்ஸ் நாற்றமும் தைல வாசனையும் சுவரிலேயே ஊறிப்போன அறை. ஜூலியன் ஒல்லியான, நெற்றியில் முடி விழுகிற, எதையும் இரண்டு முறை சரிபார்க்கிற பையன். ஆறு கர்ப்பிணிகள் வரிசையாக நின்றார்கள். டீகனைத் தவிர ஐந்து பேரும் பிரையனியிடம் முடி வெட்டிக்கொள்கிறவர்கள்.

"பிரையனி?" என்று பெயர் வாசித்தான் ஜூலியன்.

ஐந்து தலைகள் மெதுவாக டீகன் பக்கம் திரும்பின. கசாப்புக்கடை கேட்ரினாவின் வாய் விரிந்துகொண்டே போயிற்று. கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே பரிசு கிடைத்த மாதிரி இருந்தது அவளுக்கு.

"இதோ நிக்கிறாளே பிரையனி!" என்றாள் அவள். "கொஞ்சம் கூச்ச சுபாவம்."

"சலூன் வெச்சிருக்கீங்கன்னு ஃபார்ம்ல போட்டிருந்தது," என்றான் ஜூலியன் அன்பாக. அவன் பார்வை டீகனின் தலைக்குப் போனது. வைக்கோல் கட்டுகிற நூலால் கொண்டை போட்டிருந்தாள். அங்கிருந்து அவள் காய்ப்பு விழுந்த கைகளுக்குப் போனது.

"ஷாம்பு," என்றாள் டீகன். "கை இப்படி ஆயிடும்."

அன்று அவன் முதலில் சொல்லிக் கொடுத்தது குனிவதற்கு. டீகனுக்குக் கோபம் வந்தது. பன்னிரண்டு வயதிலிருந்து தீவன மூட்டை தூக்குகிறவளுக்குக் குனியச் சொல்லிக் கொடுக்கிறானாம்.

"முதுகை வளைக்காதீங்க. இடுப்பைப் பின்னால தள்ளுங்க. ரெண்டு கையிலயும் சாமான் இருக்கு, கார் கதவைப் பின்பக்கத்தால சாத்துறீங்க. அந்த மாதிரி."

டீகன் இல்லாத கார் கதவைச் சாத்தினாள். தொடையின் பின்பக்கம் இழுத்தது. முதுகு சும்மா இருந்தது. வாரக்கணக்கில் ஒரு நிமிஷம்கூட சும்மா இராத முதுகு. அவள் இன்னொரு முறை சாத்தினாள்.

கைப்பிடி வைத்த இரும்புக் குண்டை எடுத்துக் கொடுத்தான். எட்டு கிலோ. அடுத்த வாரம் பன்னிரண்டு. மூச்சைப் பிடித்துக்கொள்ளாதீர்கள், தூக்கும்போது விடுங்கள், பேச முடியாத அளவுக்குத் தூக்காதீர்கள் என்று நூறு முறை சொன்னான். பேச முடியாத நிலை கேட்ரினாவுக்கு ஒரு நாளும் வரவில்லை. "பிரையனி, என் முன்நெற்றி முடியைப் போன தடவை கோணலா வெட்டிட்டியே, ஞாபகமிருக்கா?" என்பாள், டீகன் இரும்பைத் தூக்கிக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து. "பிரையனி, சாயம் போட்டா மூணு மாசம் நிக்குமா?"

"மாட்டுக்கு மாடு மாறும்," என்றாள் ஒரு நாள் டீகன், கவனம் தவறி. ஜூலியன் அதை ஊர் வழக்கு என்று நினைத்துக்கொண்டான்.

நான்காவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை. லாக்லன் டிராக்டரில் எங்கோ போயிருந்தான். வாசலில் பூட்ஸ் கிடந்தது. டீகன் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனிந்து, ஒன்றை மாட்டினாள். மற்றதையும் மாட்டினாள். வலி முழுக்கப் போய்விடவில்லை; மழைநாளில் இன்னும் உறுமியது. ஆனால் கால் அவள் கால், பூட்ஸ் அவள் பூட்ஸ். யாரிடமும் சொல்லவில்லை. எழுந்து வாசலில் மேலும் கீழும் இரண்டு நடை நடந்தாள். நாய் மட்டும் கூடவே நடந்தது.

பிரையனி இந்த நாட்களில் சலூனில் ஒரு உயரமான ஸ்டூல் வாங்கிப் போட்டுக்கொண்டாள். பிரசுரம் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டது. வலி என்ன ஆயிற்று என்று கேட்டால், "ஓய்வெடுக்கிறதுக்கே நேரம் போதல," என்பாள்.

ஏழாவது வாரம்தான் விபரீதம். ஜூலியனுக்கு அக்கா கல்யாணம், சனிக்கிழமை. வியாழக்கிழமைப் பயிற்சி முடிந்ததும் தயங்கித் தயங்கி டீகனிடம் வந்தான்.

"பிரையனி, தப்பா நினைக்காதீங்க. முடி வெட்ட நேரமே கிடைக்கல. உங்க சலூன்ல நாளைக்கு ஒரு இடம் கிடைக்குமா?"

"நாளைக்கா? இல்ல. முடியாது. நிறைஞ்சுபோச்சு," என்றாள் டீகன் அவசரமாக. "ஒரு மாசத்துக்கு நிறைஞ்சுபோச்சு."

"இங்கேயே வெட்டிடேன்!" என்று கூவினாள் கேட்ரினா. "என் வண்டில மிஷின் இருக்கு!"

"கத்தரி இல்ல. சீப்பு இல்ல."

"எல்லாம் இருக்கு. நாய்க்கு வெட்டுற செட்டு அப்படியே இருக்கு. கழுவித்தான் வெச்சிருக்கேன்."

மற்ற நாலு பேரும் அதற்குள் பெஞ்சில் இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்தி பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தாள். ஜூலியன் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு நம்பிக்கையோடு கண்ணை மூடினான்.

டீகனுக்கு மிஷின் பிடிக்கத் தெரியாது என்று சொல்ல முடியாது. வருஷத்துக்கு இரண்டு தடவை நூற்றெண்பது வாலையும் ஒட்ட வெட்டுகிறவள் அவள். ஒரு வாலுக்குப் பதினைந்து வினாடி. ஆனால் வாலில் முன்பக்கம், பின்பக்கம் என்று ஒன்றும் கிடையாது. காதும் கிடையாது. இடது பக்கம் முடித்துவிட்டு வலது பக்கம் வந்தபோது இடது பக்கம் உயரமாகத் தெரிந்தது. இடதைச் சரி செய்தாள், வலது உயர்ந்தது. இப்படியே போய்க் கடைசியில் உச்சியில் மட்டும் ஒரு கொத்து மிச்சம் நின்றது. அதைத் தொட அவளுக்குத் தைரியம் வரவில்லை.

ஜூலியன் போனில் முகம் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"வித்தியாசமா இருக்கு," என்றான்.

"இப்ப எல்லாரும் இப்படித்தான் வெட்டிக்கிறாங்க," என்றாள் கேட்ரினா. பாவம், சிரிப்பை அடக்கி அடக்கி, அன்று முழுக்க வராத மூச்சு வாங்கல் அவளுக்கு அப்போது வந்துவிட்டது.

டீகன் இதைப் பிரையனியிடம் சொல்லவில்லை. சொல்ல நாலு தடவை போனை எடுத்தாள், நாலு தடவையும் மாடு கூப்பிடுகிறது என்று வைத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமைப் பயிற்சி முடிந்த மத்தியானம் இருவரும் பேக்கரியில் 'பை' என்கிற, இறைச்சி அடைத்துச் சுட்ட பண்டம் வாங்க வரிசையில் நின்றார்கள். முன்னால் நிற்கிற தலையை டீகன்தான் முதலில் பார்த்தாள். வயிற்றுக்குள் குழந்தைகூட ஒரு நிமிஷம் அசையவில்லை.

"வா, நாளைக்கு வாங்கிக்கலாம்," என்று பிரையனியின் சட்டையை இழுத்தாள்.

"எனக்கு இப்பப் பசிக்குது."

கவுன்டரில் நின்ற ஷெரில் சாஸ் பாட்டிலை அப்படியே பிடித்தபடி ஜூலியனைப் பார்த்தாள். "யாரு தம்பி உன்னை இப்படிப் பண்ணினது?"

"இங்கதான், இந்த ஊர்லதான் வெட்டிக்கிட்டேன்," என்றான் ஜூலியன். குற்றம் சொல்லாத பையன். "பிரையனி வெட்டினாங்க. கல்யாண போட்டோல எங்கம்மா என்னைப் பின்வரிசைல நிக்க வெச்சுட்டாங்க. ஆனா நல்ல மனுஷி."

பிரையனி தலையைச் சாய்த்து அந்தத் தலையை இடப்பக்கம் பார்த்தாள். வலப்பக்கம் பார்த்தாள். உச்சிக் கொத்தைப் பார்த்தாள். ஆள் மாறாட்டத்தை அவளால் தாங்க முடியும். ஆராய்ச்சியைக் கெடுத்ததையும் தாங்க முடியும். இதைத் தாங்க முடியவில்லை.

"அதை நான் வெட்டல!"

ஜூலியன் திரும்பினான். பின்னால் டீகனைப் பார்த்து முகம் மலர்ந்தான். "அட, பிரையனி! இவங்க யாரு?"

"நான்தான் பிரையனி!"

"நீங்களா? அப்போ இவங்க?"

"இவ டீகன்! எங்கண்ணன் பொண்டாட்டி! இவளுக்கு மாட்டு வால் வெட்டத்தான் தெரியும்!"

ஜூலியன் மெதுவாக ஜன்னலோர நாற்காலியில் போய் உட்கார்ந்தான். கை தானாக உச்சிக் கொத்துக்குப் போயிற்று.

"அப்போ, போன வாரம் நாற்பது கிலோ தூக்கினது..."

"நான்தான்," என்றாள் டீகன்.

"பிரசுரம் படிச்சது..."

"நான்," என்றாள் பிரையனி.

"முழுசாவா?"

"முதல் பக்கம்."

"மத்த அஞ்சு பேருக்கும் இது தெரியுமா?"

"ஊருக்கே தெரியும் தம்பி," என்றாள் ஷெரில், அவன் முன்னால் சூடாக ஒரு இறைச்சிப் பையை வைத்தபடி. "இது கடை செலவு. சாப்பிடு."

டீகனுக்கு முகம் காந்தியது. அவன் எதிரில் உட்கார்ந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொள்ளாமல் உட்கார்ந்தாள், அதை அவளே கவனிக்கவில்லை. "தப்புதான், ஜூலியன். என்னால பூட்ஸ் மாட்ட முடியல. அதுக்காகப் பொய் சொல்லியிருக்கக் கூடாது. நீ ரெண்டு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வர்றே. மன்னிச்சுடு."

"இப்ப மாட்ட முடியுதா?" என்று கேட்டான் அவன், பழக்கதோஷத்தில்.

"நாலாவது வாரத்துலேருந்து."

அவன் தோள்பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதப் போனான், பிறகு எந்தப் பெயரில் எழுதுவது என்று தெரியாமல் மூடிவிட்டான். எழுந்து வெளியே போய் மெல்பர்னுக்குப் போன் செய்தான். கண்ணாடி வழியாக எல்லோரும் பார்த்தார்கள். அவன் விவரிக்கிறான், கையை ஆட்டுகிறான், தலையைத் தொட்டுக் காட்டுகிறான், எதிர்முனையில் பார்க்க முடியாது என்பதையும் மறந்து. பிறகு போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தான். அவனுடைய பேராசிரியை சிரிக்கிற சத்தம் கண்ணாடி தாண்டி உள்ளே வந்தது.

திரும்பி வந்தவன் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. "நடந்ததை நடந்தபடி எழுதச் சொல்லிட்டாங்க. குலுக்கல்ல யாருக்கு எது விழுந்ததோ, அந்தக் கணக்குலதான் கடைசி வரைக்கும் வரும். அதனால நாளன்னைக்குப் பயிற்சிக்கு பிரையனி வரணும். நிஜ பிரையனி."

"நானா? என் இடுப்பு இருக்கிற நிலைமையில?" என்றாள் பிரையனி.

"அதுக்குத்தான் வரச் சொல்றேன்."

டீகன் மேஜையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "அப்போ நான் இனிமே தூக்கக் கூடாதா?"

ஜூலியன் யோசித்தான். இரண்டு முறை யோசித்தான். "என் பயிற்சிக்கு வரக் கூடாது. உங்க பண்ணையில உங்க வாளியை நீங்க தூக்கினா அதை நான் எப்படித் தடுக்கிறது? ஆஸ்பத்திரில கேட்டுக்கோங்க. எப்படிக் குனியணும்னு தெரிஞ்சதை மறக்கச் சொல்ல ஆராய்ச்சில விதி இல்ல."

"பேசினது போதும்," என்று பிரையனி அவன் முழங்கையைப் பிடித்தாள். "நீ என் கூட வா. இந்தத் தலையோட என் ஊர்ல இன்னும் ஒரு தெரு நடக்கக் கூடாது நீ."

வியாழக்கிழமை பிரையனி வெள்ளைக் காலணியும் சென்ட்டுமாகப் பயிற்சிக்குப் போனாள். எட்டு கிலோ குண்டைத் தூக்கிவிட்டு, லாட்டரி விழாதவளைப் போல ஒரு முகம் காட்டினாள். கேட்ரினா மட்டும் இதையும் ரசித்தாள். "டீகன், சீக்கிரம் தூக்கு! மாடு காத்திருக்கு!" பிரையனி ஒவ்வொரு நாளும் இதுதான் கடைசி என்று சொன்னாள், ஒவ்வொரு தடவையும் போனாள். அவள் போகத் தொடங்கிய நாலாவது வாரம் டீகன் கேட்டாள், வலி எப்படி என்று.

"அஞ்சு," என்றாள் பிரையனி. சுற்றும்முற்றும் பார்த்துக்கொண்டாள். "வெளில சொல்லிடாதே. அம்மா கூடம் பெருக்கக் கூப்பிட்டுடுவா."

ஆகஸ்டில் பண்ணையில் கன்று போடும் காலம். நோய் தொற்றும், கர்ப்பிணி அந்தக் கொட்டகைப் பக்கமே போகக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால் அந்த வேலை முழுக்க லாக்லன் தலையில். தனிப் பட்டியில் இருந்த பெரிய கன்றுகளுக்குப் பால் கொண்டு போவது மட்டும் டீகன். வாளியைப் பாதிதான் நிரப்பினாள், இரண்டு கையிலும் சமமாகப் பிடித்தாள், தோளை இறக்கி மூச்சை விட்டுக்கொண்டு நடந்தாள். நடை கூடியதே தவிர வலி கூடவில்லை. மழை பெய்த அன்று வலித்தது. அன்று உட்கார்ந்தாள், லாக்லன் வாளியைத் தூக்கினான், முதுகை வளைத்து, தப்புத் தப்பாக. அவள் வேலியில் சாய்ந்துகொண்டு அவனைத் திட்டித் திட்டித் திருத்தினாள்.

பிரையனிக்கு அக்டோபரில் பெண் பிறந்தது. நவம்பரில் டீகனுக்குப் பையன், நாலரை கிலோ. நோலீன் இரண்டு ஆஸ்பத்திரி அறைக்கும் ஒரே மாதிரி கேக்கைக் கொண்டுபோய், ஒரே வாக்கியத்தைச் சொல்லி இருவரையும் பாராட்டினாள்.

ஜனவரியில் டீகன் பால் கறக்கத் திரும்பினாள். குழந்தையைத் தள்ளுவண்டியில் போட்டுக் கறவைக் கொட்டகையின் ஓரத்தில், கதவு மூடிய அலுவலக அறையில் நிறுத்திக்கொண்டாள். மிஷின் ஓடுகிற வரைக்கும் பையன் அடித்துப்போட்டது போல் தூங்கினான். மிஷினை நிறுத்தினதும் ஊர் கேட்கிற மாதிரி கத்தினான். மறுபடி ஓடவிட்டால் உடனே தூங்கினான்.

"மாடெல்லாம் போயாச்சு. கரன்ட் வீணாப் போகுது," என்றான் லாக்லன், சுவிட்சில் கை வைத்துக்கொண்டு.

"கையை எடு," என்றாள் டீகன். கழுவி முடித்த தரையில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, காலை நீட்டி, தெர்மாஸைத் திறந்தாள். "இந்த டீ முடியற வரைக்கும் ஓடட்டும்."

லாக்லன் தனக்கும் ஒரு வாளியைக் கவிழ்த்தான். ஒரு மாடும் இல்லாத கொட்டகையில் மிஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.